புதுக் கணனிக்குள் யார் வைத்த சாமான்கள்?



சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து நீண்ட கடிதம் ஒன்று வந்தது. பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்; போடவில்லை. கணவர் கத்தாரில் தொழில் செய்கிறார். மூத்த மகள் உயர்தரம் படிக்கிறாள். சூம் வகுப்புகளைச் சின்னஞ்சிறு தொலைபேசியில் பார்த்துப் பார்த்துப் பிள்ளையின் கண் கெட்டுப் போகிறதே என்று வாப்பா காசு அனுப்ப, போன வருடம் புது லெப்டொப் ஒன்று வாங்கியிருக்கிறார்கள்.

ஒரு மாதம் சென்றது. ஒருநாள் மஃரிபுக்குப் பின்னர் மகள் பாடம் செய்துகொண்டிருக்கையில், திரையின் மூலையில் சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி எழும்பியது. கணனிக்குப் பாதுகாப்பு முடிந்துவிட்டது, இன்றே பணம் கட்டிப் புதுப்பித்துக் கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூடினால் சிறிது நேரத்தில் மறுபடியும் வந்தது. இத்தனை ரூபா கொடுத்து வாங்கிய சாமான் கெட்டுப் போய்விடுமோ என்று பயந்த தாய், கணவர் வீட்டுச் செலவுக்கென்று விட்டுச் சென்ற கார்ட்டின் இலக்கத்தைப் போட்டுப் பணம் கட்டிவிட்டார். கணவரிடம் சொல்லவில்லை. பிறகு நாத்தனாரின் மகன் வந்தபோது, “மாமி, இது தேவையில்லாத சாமான்” என்று அந்தப் புரோகிராமை அழித்துக் கொடுத்திருக்கிறார். அத்தோடு விஷயம் முடிந்தது என்றிருந்தார் சகோதரி.

முடியவில்லை. இவ்வருடம், அழித்துவிட்ட அதே புரோகிராமுக்காக, போன தடவையைப் போல் இரண்டு மடங்குக்கும் கூடிய தொகை கார்ட்டிலிருந்து தானாகப் போயிருக்கிறது. வங்கியின் குறுஞ்செய்தி கத்தாரில் இருக்கும் கணவரின் தொலைபேசிக்குப் போய்விட்டது. “எதற்குச் செலவழித்தாய் என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்வது? நான் ஏமாந்தேனா, கடைக்காரர் ஏமாற்றினாரா?” என்று கேட்டிருக்கிறார்.

கடைக்காரரைச் சற்று ஒதுக்கி வைப்போம். அவர் அநேகமாகப் பெட்டியை உடைக்காமலே கொடுத்திருப்பார். அந்தச் சாமான் தொழிற்சாலையிலேயே உள்ளே வைக்கப்பட்டது.

ஓர் அலுமாரி வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் இரண்டு தட்டில் வேறு யாருடையவோ மூட்டைகள். கேட்டால், “அவர் எனக்குக் கூலி தந்தார், அதனால் வைத்தேன்” என்கிறார் அலுமாரி செய்தவர். நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? கணனியில் நடப்பது இதுதான். கணனி செய்யும் கம்பனிகளுக்குள் விலைப் போட்டி கடுமை; ஒரு லெப்டொப்பில் அவர்களுக்கு மிஞ்சும் இலாபம் சொற்பம். அந்தக் குறையை நிரப்ப, எண்டி வைரஸ் செய்பவர்களிடமும் விளையாட்டுச் செய்பவர்களிடமும் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுடைய மென்பொருட்களைப் புதுக் கணனிக்குள் ஏற்றி அனுப்புகிறார்கள். ஒரு மாதமோ சில மாதங்களோ இலவசம். அதற்குப் பிறகுதான் அந்தச் சிவப்புப் பெட்டி. ஆங்கிலத்தில் இவற்றைப் ‘புளோட்வெயார்’ என்று கேலியாகச் சொல்வார்கள். ஊதிப் பருத்த சாமான் என்று பொருள்.

இது நேற்று இன்று வந்த வழக்கமல்ல. 2008ஆம் ஆண்டில் சோனி கம்பனி தனது சில வயோ லெப்டொப்களை, இந்த உபரிச் சாமான்கள் இல்லாமல் துப்புரவாகத் தருவதற்கு ஏறக்குறைய 50 டொலர் தனிக் கட்டணம் கேட்டது. குப்பையைப் போடாமல் இருப்பதற்கு நாம் காசு கொடுக்க வேண்டுமாம்! வாங்குவோர் கூச்சல் போட்ட பின்னர் அந்தக் கட்டணத்தை நீக்கிக்கொண்டார்கள்.

இடத்தை அடைப்பது, வேகத்தைக் குறைப்பது என்பதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ கம்பனி விற்ற வீட்டுப் பாவனை லெப்டொப்கள் பலவற்றில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற ஒரு மென்பொருள் இருந்தது. நீங்கள் இணையத்தில் ஒரு பொருளின் படத்தைப் பார்த்தால், அதே மாதிரியான வேறு பொருட்களின் விளம்பரத்தைக் காட்டுவது அதன் வேலை. விளம்பரம்தானே என்று நினைக்காதீர்கள். அந்த வேலையைச் செய்வதற்காக அது என்ன செய்தது தெரியுமா?

நாம் வங்கிக்கு ஒரு கடிதத்தை உறையிலிட்டு முத்திரை வைத்து அனுப்புகிறோம். வழியில் ஒருவன் உறையைப் பிரித்து, வாசித்து, உள்ளே ஒரு துண்டு விளம்பரத்தையும் செருகி, வங்கியின் முத்திரை போலவே தன் முத்திரையைக் குத்தி அனுப்புகிறான். நமக்கோ முத்திரை சரியாகத் தெரிகிறது. இணையத்தில் வங்கிப் பக்கங்களில் நாம் பார்க்கும் பூட்டு அடையாளம்தான் இந்த முத்திரை. சூப்பர்ஃபிஷ் அந்தப் பூட்டுக்குள் கை வைத்தது. அதைவிட மோசம், எல்லா லெப்டொப்களுக்கும் அது பாவித்தது ஒரே சாவி. ஊரில் விற்ற கதவுப் பூட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே திறப்பு என்றால் எப்படியிருக்கும்! 2015 பெப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும், ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லை உடனேயே கண்டுபிடித்துக் காட்டிவிட்டார். அமெரிக்க அரசு எச்சரிக்கை விட்டது. புரோகிராமை மட்டும் அழித்தால் போதாது, அது வைத்துவிட்டுப் போன பொய் முத்திரை கணனிக்குள்ளேயே தங்கிவிடும் என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. லெனோவோ அதை முழுதாக நீக்கும் கருவியொன்றை வெளியிட்டது. 2017 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடனும் 32 மாநிலங்களுடனும் இணக்கத்துக்கு வந்து, மாநிலங்களுக்கு 35 இலட்சம் டொலர் கட்டியது. இத்தகைய விளம்பர மென்பொருட்களை இனிமேல் வாங்குவோரின் வெளிப்படையான சம்மதம் பெறாமல் ஏற்றக்கூடாது என்பதும் நிபந்தனை.

சம்மதம் என்ற சொல்லில் சற்று நில்லுங்கள். சரக்கின் குறையை வாங்குபவரிடம் மறைக்கக்கூடாது என்று மாணவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் பாடம் நடத்துகிறவன் நான். பக்கம் பக்கமாக ஓடும் ஆங்கில ஒப்பந்தத்தின் இடுக்கில் ஒரு வரியை எழுதிவிட்டு, கீழே ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை வைத்தால் சொன்னதாகிவிடுமா? என் மனம் ஒப்பவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். புது லெப்டொப் வந்த அன்றே, பிள்ளைகளின் பாடங்களையும் படங்களையும் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிழைத்தாலும் இழப்பதற்கு ஒன்றும் இருக்காது.

முதன் முதலில் கணனியைத் தொடங்கும்போதே கேள்விகள் வரும். கம்பனியில் பதிவு செய்ய உங்கள் பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் கேட்கும். விளம்பரம் அனுப்பச் சம்மதம் என்ற கட்டத்தில் ஏற்கனவே சரி அடையாளம் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இலவசமாகச் சில நாள் பாவித்துப் பாருங்கள் என்று கூறிக் கார்ட் இலக்கம் கேட்கும் இடங்களில் ‘ஸ்கிப்’, ‘டிக்ளைன்’, ‘நோ தேங்ஸ்’ என்ற சொற்கள் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். தேடி அழுத்துங்கள். கார்ட் இல்லாமலே கணனி வேலை செய்யும்.

பிறகு, விண்டோஸ் 11 என்றால், செட்டிங்ஸ் உள்ளே ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டோல்ட் ஆப்ஸ் என்ற பட்டியலைத் திறவுங்கள். கணனியில் உள்ள எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். எதையும் அழிக்குமுன் அந்தப் பட்டியலைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் எதைத் தொலைத்தோம் என்று தேட வேண்டி வந்தால் உதவும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று புள்ளிகள் உண்டு. அழுத்தினால் ‘அன்இன்ஸ்டோல்’ என்று வரும்.

சில நாள் இலவச எண்டி வைரஸ், தெரியாத விளையாட்டுகள், கடைகளுக்கும் சுற்றுலாத் தளங்களுக்கும் இழுக்கும் படங்கள், காசு கேட்கும் படத்திருத்தும் புரோகிராம்கள் ஆகியவற்றைத் தயங்காமல் அகற்றலாம். எண்டி வைரஸை எடுத்தால் கணனி அநாதரவாகிவிடுமே என்று அஞ்ச வேண்டாம். விண்டோஸுக்கு உள்ளேயே ‘டிஃபென்டர்’ என்ற காவல்காரன் இருக்கிறான், காசில்லாமல். வேறொரு எண்டி வைரஸ் இருக்கும்வரை அவன் ஒதுங்கி நிற்பான்; அதை எடுத்துக் கணனியை ஒருமுறை மூடித் திறந்தால் தன் வேலைக்குத் திரும்பிவிடுவான். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்ற இடத்தைத் திறந்து பச்சை அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில எண்டி வைரஸ்கள் வேர் விட்டிருக்கும், முழுதாகப் போகா. அவற்றைச் செய்த பெரிய கம்பனிகள் தமது தளத்திலேயே அகற்றும் கருவியைத் தனியாக வைத்திருக்கின்றன. அங்கேயே எடுங்கள்.

தொடக்கூடாதவையும் உண்டு. இன்டெல், ஏ.எம்.டி., ரியல்டெக், என்விடியா என்ற பெயர்களில் இருப்பவை ஒலி, படம், வைஃபை போன்றவற்றை இயக்குபவை. ‘மைக்ரோசொஃப்ட் விஷுவல் சி’ என்று தொடங்கும் பல வரிகள் இருக்கும். பார்க்க வேண்டாதவை போலத் தோன்றினாலும் விட்டுவிடுங்கள். கணனிக் கம்பனியின் சொந்த ‘அப்டேட்’ புரோகிராம் ஒன்று இருந்தால் அதுவும் இருக்கட்டும். ஓஃபிஸ் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். சில லெப்டொப்களில் அது காசு கட்டிய நிரந்தர உரிமையோடு வருகிறது, சிலவற்றில் ஒரு மாதச் சோதனை மட்டும். பில்லையும் பெட்டியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எட்ஜ் என்ற இணைய உலாவியை அழிக்க முடியவில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. ஐரோப்பாவில் சட்டம் போட்டதால் 2024 முதல் அங்குள்ளவர்கள் அழிக்கலாம். நமக்கு அந்தப் பாக்கியமில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

அழிக்க மனமில்லாதவற்றை அடக்கியாவது வைக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மனேஜர்’ திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ என்ற பகுதியில், கணனி விழிக்கும்போதே தாமும் விழித்துக்கொள்பவற்றின் பெயர்கள் இருக்கும். வேண்டாதவற்றை ‘டிஸேபிள்’ செய்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். குப்பையை அகற்றுவதற்கென்று ‘கிளீனர்’, ‘பூஸ்டர்’ என்ற பெயரில் இணையத்தில் விளம்பரமாகும் இன்னொரு புரோகிராமைக் கொண்டுவந்து ஏற்றாதீர்கள். அவற்றில் பல, நீங்கள் விரட்டப் போகும் சாமானின் தம்பிமார்!

எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகவே தொடங்க விரும்பினால், செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்ற வழியில் ‘ரீசெட்’ உண்டு. ஆனால் கம்பனி வைத்த பிரதியிலிருந்து மீட்டால் அந்த மூட்டைகளும் திரும்பி வந்துவிடலாம். மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை 8 ஜீ.பீ. யூ.எஸ்.பி. ஒன்றில் இறக்கி ஏற்றினால் துப்புரவாக இருக்கும். விண்டோஸோடு விற்கப்பட்ட கணனிக்கு உரிமைச் சாவி பொதுவாக அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கும். மறுபடி காசு கேட்காது. இறக்குவதற்கு நாலு ஜீ.பீ.க்கு மேல் டேட்டா போகும், எனவே பெக்கேஜைப் பார்த்துத் தொடங்குங்கள். இதை விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்வது நல்லது.

விண்டோஸ் இல்லாமல் விலை குறைத்து விற்கப்படும் லெப்டொப்களும் உண்டு. அவற்றுக்குச் சில கடைகளில் “நாங்களே போட்டுத் தருகிறோம்” என்பார்கள். உரிமையோடு போடுகிறீர்களா என்று கேளுங்கள். காசு கட்டாத பிரதியைப் போடுபவர்கள், அதை இயக்குவதற்காக டிஃபென்டரையே நிறுத்தி வைத்துவிடுவதுண்டு. காவல்காரனைக் கட்டிப்போட்ட வீட்டில் மகளின் படங்களும் வங்கிக் கணக்கும் இருக்கப் போகின்றன.

இப்போது கடிதம் எழுதிய சகோதரிக்கு. புரோகிராமை அழிப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. உங்கள் உறவுக்காரப் பிள்ளை அழித்தது கணனியில் இருந்ததை. கம்பனியின் ஏட்டில் உங்கள் கார்ட் இலக்கமும், வருடா வருடம் தானாகப் புதுப்பிக்கும் சம்மதமும் அப்படியே இருந்தன. முதல் வருடம் கழிவு விலை, அடுத்த வருடம் முழு விலை என்பது இவர்களிடையே பழகிப்போன முறை. ஆகவே நீங்கள் முட்டாள்தனமாக ஒன்றும் செய்துவிடவில்லை. இதே பெட்டியைப் பார்த்துப் படித்த ஆண்களும் கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கம்பனியின் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து ‘ஒட்டோ ரினியூவல்’ என்பதை நிறுத்துங்கள். அதே தளத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். புதுப்பித்த பின்னர் குறித்த நாட்களுக்குள் கேட்டால் பல கம்பனிகள் திருப்பித் தருகின்றன. நாள் பிந்தினால் அந்த வழி அடைபட்டுவிடும், எனவே இதை வாசித்த அன்றே செய்யுங்கள். அவர்கள் மறுத்தால் கார்ட் தந்த வங்கிக்கு அறிவித்து, அந்தக் கம்பனி இனிமேல் காசெடுக்காதபடி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கார்ட் கணவரின் பெயரில் இருப்பதால் வங்கி அவரோடுதான் பேசும். எப்படியும் அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். போன வருடத்துத் தொகையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். சொல்வதற்கு நா எழாவிட்டால் இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள்.

கணக்கின் கடவுச்சொல் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். பணம் கட்டிய அன்று ஒரு ரசீது மின்னஞ்சலில் வந்திருக்கும். மகளின் முகவரியிலும் தேடிப் பாருங்கள்; லெப்டொப்பைத் தொடங்கிய நாளில் அநேகமாக அவளுடைய முகவரியைத்தான் கொடுத்திருப்பீர்கள்.