முப்பது வயதில் பிரஷர் ஏன்?



முப்பது, முப்பத்தைந்து வயதிலேயே பிரஷர் மாத்திரை தொடங்கியவர்கள் இன்று நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறார்கள். "டென்ஷன்தான், வேற ஒண்ணுமில்ல" என்பார்கள். ஒரு மாத்திரை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். அளவு மட்டும் இறங்காது. அவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். அவர்களில் சிலருக்குக் காரணம் அட்ரினல் சுரப்பியில் இருக்கிறது. தேடினால் கிடைக்கும், பலருக்குத் தீர்த்துவிடவும் முடியும்.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல் ஆளுக்கு இரண்டு அட்ரினல்கள், ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம். உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன், நோயிலும் நெருக்கடியிலும் உடலைத் தாங்கும் கார்டிசால், பயந்தால் நெஞ்சை அடிக்கவைக்கும் அட்ரினலின் எல்லாம் இங்கேதான் சுரக்கின்றன. இதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. பல கட்டிகள் ஒன்றும் செய்யாமல் இருக்கும். சில, ஹார்மோனைக் கட்டுப்பாடில்லாமல் கொட்டும்.

1954-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு 34 வயதுப் பெண் ஒருவர் அனுப்பப்பட்டார். பல வருடங்களாகத் தசைப்பிடிப்பு. சில நாள் கால்கள் தளர்ந்து எழுந்திருக்கவே முடியாது. ரத்த அழுத்தம் அதிகம், ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. அவரைப் பார்த்த மருத்துவர் ஜெரோம் கான், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெப்ப நாடுகளுக்குப் போகும் சிப்பாய்களின் வியர்வையை ஆராய்ந்தவர். வெயிலுக்குப் பழகிய உடல் வியர்வையில் உப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது, அதற்கு அட்ரினலே காரணம் என்று அறிந்திருந்தார். இந்தப் பெண்ணின் வியர்வையிலும் உப்பு மிகக் குறைவாக இருந்தது. வெயிலே படாமல் மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு ஏன் இப்படி? மாதக்கணக்கில் சோதித்துவிட்டு, அந்த டிசம்பரில் அறுவைக்கு ஏற்பாடு செய்தார். வலது அட்ரினலில் ஆல்டோஸ்டிரோனைக் கொட்டும் 4 செ.மீ. கட்டி. அதை எடுத்ததும் பொட்டாசியமும் ரத்த அழுத்தமும் சரியாகின. ஸ்கேன் இல்லாத காலத்தில் வியர்வையை வைத்தே ஒருவர் இவ்வளவு தூரம் போனார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இன்று அதே நோயைத் தேட ஒரு ரத்தப் பரிசோதனை போதும்: ஆல்டோஸ்டிரோன், அதைத் தூண்டும் ரெனின் இரண்டையும் அளந்து ஒப்பிடுவது. ரத்தக் கொதிப்புள்ள எல்லோருக்கும் இதைச் செய்யலாம் என்று 2025-ல் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி பரிந்துரைத்தது. மூன்று மாத்திரைக்கும் அடங்காதவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், இளவயதில் பக்கவாதம் வந்த குடும்பத்தினர் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு பக்கச் சுரப்பி மட்டும் காரணமென்றால் அதை அகற்றலாம். சிலருக்கு மாத்திரையே தேவைப்படாது, பலருக்குக் குறையும். இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்து இருக்கிறது.

அட்ரினலினைக் கொட்டும் கட்டிக்குப் பெயர் ஃபியோகுரோமோசைட்டோமா. திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, சட்டை நனையும் வியர்வை, படபடப்பு. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும். 'பயந்த சுபாவம்' என்று பெயர் வாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் கழித்தவர்கள் உண்டு. அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவருக்கே, 1969-ல் இறந்தபின் பிரேதப் பரிசோதனையில்தான் இந்தக் கட்டி தெரியவந்தது.

இந்தக் கட்டியை எடுக்கும் அறுவையைவிட அதற்கு முந்தைய நாட்கள் முக்கியம். ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ஆல்ஃபா பிளாக்கர் மருந்தை ஒன்று, இரண்டு வாரம் கொடுப்பார்கள். வாழ்நாளெல்லாம் உப்பைக் குறை என்று கேட்டவரிடம், இப்போது உப்பும் தண்ணீரும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். சுருங்கிக் கிடந்த குழாய்கள் விரியும்போது நிரம்ப ரத்தம் வேண்டுமே. அறுவை அரங்கில் கட்டியைக் கை தொட்டாலே பிரஷர் எகிறும். அதன் சிரையைக் கட்டிய மறுநிமிடம் சரியும். இரண்டுக்கும் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு மயக்க மருத்துவர் தலைமாட்டில் நிற்பார். இந்த நோய் பலருக்குப் பரம்பரையாக வருவதால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்வது நல்லது.

கார்டிசால் கொட்டும் கட்டி முகத்தை உருண்டையாக்கும், வயிற்றில் ஊதா வரிகள் போடும், சர்க்கரையை ஏற்றும். இதை எடுத்தபின் மறுபக்கச் சுரப்பி விழித்துக்கொள்ளும்வரை, சில மாதமாவது, ஸ்டீராய்டு மாத்திரை வேண்டும். சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கி மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்குகிறவர்களுக்கும் இதே முகம் வரும். அவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேனில் எதிர்பாராமல் கட்டி தெரிந்து கலங்கிப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டே கேள்விகள்: ஹார்மோன் சுரக்கிறதா, புற்றுநோய்ச் சாயல் இருக்கிறதா. 4 செ.மீ.க்கு உட்பட்டு, சிடி ஸ்கேனில் கொழுப்பு நிறைந்ததாகத் தெரிந்து, ஹார்மோனும் சுரக்காத கட்டிக்குச் சிகிச்சையே வேண்டாம். அட்ரினல் புற்றுநோய் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர், இருவருக்கு வருவது. ஆனால் ஊசி குத்திச் சதை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதி செய்தாகிவிட்டதா என முதலில் கேளுங்கள். இருந்தால் அந்த ஊசியே உயிருக்கு ஆபத்து.

அறுவையைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு: 1992-ல் மான்ட்ரியாலில் மிஷேல் கான்யே சிறு துளைகள் வழியாக இந்தச் சுரப்பியை எடுத்த முறையை வெளியிட்டார். இன்று பெரும்பாலான அட்ரினல் அறுவை அப்படித்தான் நடக்கிறது. சில நாளில் வீடு திரும்பலாம். ஆண்டுக்கு இத்தகைய அறுவைகளைப் பல முறை செய்யும் இடமாகப் பார்த்துப் போங்கள். போகும்போது பழைய பிரஷர் அளவுகளையும் பொட்டாசியம் ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்