பருவமும் பயிர்நோயும்

காஞ்சி மாநகர் கோயிலுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்றது. எனினும், அந்நகரைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கு ஏரியும் நெல்லுமே வாழ்வு. தென்னேரி, உத்திரமேரூர் முதலிய ஏரிகள் வடகிழக்குப் பருவமழையால் நிரம்பும்போது உழவர் நெஞ்சமும் நிரம்புகின்றது. பயிரை வளர்க்கும் அப்பருவமே சில ஆண்டுகளில் பயிர்நோய்க்கும் துணையாகின்றது. இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நெற்பயிரைத் தாக்கும் நோய்களுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று குலைநோய். இதனை உண்டாக்குவது ஒருவகைப் பூசணம். கண்ணுக்குப் புலனாகாத அதன் வித்துகள் காற்றில் மிதந்து வந்து இலைமீது படிகின்றன. ஆயினும், படிந்த வித்து முளைக்க ஈரம் வேண்டும். மேகம் மூடிய வானம், ஏறத்தாழ 20 பாகை வெப்பமுள்ள குளிர்ந்த இரவு, 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட காற்றின் ஈரப்பதம், காலையில் நெடுநேரம் உலராத பனி ஆகியவை ஒருங்கு கூடின், நோய் விரைந்து பரவும். இலைகளில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும், கதிரின் கழுத்து கருகி ஒடியும், மணிகள் பதராகும்.

1919ஆம் ஆண்டில் தஞ்சைக் கழனிகள் இந்நோயால் பெரிதும் அழிந்தன. 1942இல் வங்காளத்து நெல்லைப் பழுப்புப் புள்ளி நோய் பாழாக்கிற்று. மறு ஆண்டில் அங்கு நேர்ந்த பெரும் பஞ்சத்திற்குப் போரும் ஆட்சியின் தவறுகளும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எனினும், மேகமும் மழையும் வளர்த்த அந்நோயின் பங்கு பெரிது என்று 1973இல் எடுத்துரைத்தார் பயிர்நோய் அறிஞர் எஸ். ஒய். பத்மநாபன்.

“நோய் வந்தபின் மருந்து தெளித்தால் போதாதோ?” எனச் சிலர் வினவுவர். கழுத்தொடிந்த கதிரை எம்மருந்தும் மீட்காது. செலவு ஒன்றே எஞ்சும். ஆதலின், வருமுன் காப்பதே அறிவுடைமை. நோயைத் தாங்கும் நெல்வகையைத் தேர்தல் முதற்படி. கோயம்புத்தூர் ஆராய்ச்சியாளர் ஆடுதுறை 10 என்னும் வகையோடு, நோய் தாங்கும் கோ 4 வகையை இணைத்துக் கோ 25 என்னும் நெல்லை உருவாக்கியமை இதற்குச் சான்றாகும். தழைச்சத்து உரத்தை மிகுதியாக இடாமை அடுத்த படி. மிகுந்த தழைச்சத்தால் கொழுத்த இளம்பயிர் குலைநோய்க்கு எளிதில் இரையாகும். காஞ்சி நெசவாளர் வானத்தைப் பாராது வீதியில் பாவு விரிப்பதில்லை; உழவரும் வானத்தைப் பாராது உரம் இடலாகாது.

வானிலைத் துறையும் வேளாண்மைப் பல்கலைக் கழகமும் உழவருக்கென அறிவுரைகள் வெளியிடுகின்றன. அவை கடைசி வயலுக்கும் சென்று சேர்தல் வேண்டும். ஏரியைக் காக்கத் தனி வாரியம் அமைத்த செய்தியைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் பொறித்தது உத்திரமேரூர். அத்தகைய நாட்டில், ஊர்தோறும் வானிலைச் செய்தியைப் படித்துரைக்க ஓர் ஏற்பாடு செய்தல் அரிதன்று. எழுத்தறிந்த மாணவர் அப்பணியில் முன்னிற்பாராயின், அவர் கற்ற கல்வி கழனிக்கும் பயன்படும். நாட்டின் உணவும் காக்கப்படும்.