இரைச்சலா? கேட்டுட்டு சொல்லுங்க மக்களே!

நாலு கறுப்புப் பட்டை போட்ட டி-ஷர்ட்டோட ஒரு பையன், எங்க அமராவதி நகர் டீக்கடையில. "பிளாக் ஃபிளாக் கேப்பியா தம்பி?"ன்னேன். "அது எந்த கம்பெனிண்ணா?"ங்கிறான். பனியன் ஊர்ல இது சகஜம், விடுங்க. கேக்காமலே 'வெறும் இரைச்சல்'னு தீர்ப்பு எழுதுற நம்ம பதிவர்களைத்தான் தாங்க முடியல. கானாவையும் இப்படித்தானே ஒதுக்கினோம்?

ஹார்ட்கோர் பங்க்கை அன்னிக்கு பெரிய கம்பெனிகள் சீந்தல. 1980-ல் வாஷிங்டன்ல இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் டிஸ்கார்ட்னு சொந்தமா லேபிள் தொடங்கினாங்க. முதல் இசைத்தட்டுக்கு உறையைக்கூட கையால வெட்டி, மடிச்சு, ஒட்டினாங்க. பத்திரிகை தயவுக்குக் காத்திருக்காம நாமளே எழுதி நாமளே வெளியிடுறோமே, அதே கதைதான்.

புதுசா கேக்கறவங்க மைனர் த்ரெட்டோட 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்'ல (1981) ஆரம்பிங்க. ஒரு நிமிஷம்கூட ஓடாது. போதையே வேணாம்னு கத்துற பாட்டு! அடுத்து பேட் பிரெய்ன்ஸ் 1982 ஆல்பம். நாலு பேரும் கறுப்பினத்தவர், ஜாஸ் வாசிச்சுப் பழகின கைகள். அந்த வேகத்துலயும் தாளம் பிசகாது. அப்புறம் பிளாக் ஃபிளாக்கின் 'டேமேஜ்ட்' (1981).

டீ ஆறுறதுக்குள்ள மூணு பாட்டு முடிஞ்சிடும். கேட்டுட்டுத் திட்டுங்க, வாங்கிக்கறேன். கேக்காம திட்டினா அது விமர்சனம் இல்லீங்க, சோம்பேறித்தனம் :-)