சோபா வாங்க எண்ணும் அங்கத்தினர்களுக்கு

கூடத்தில் ஒரு சோபா இருக்க வேண்டும் என்னும் விருப்பம் இன்று நமது நெசவாளர் வீடுகளிலும் தோப்புக்காரர் வீடுகளிலும் ஒருங்கே பரவியுள்ளது. இதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. பாயும் விசுப்பலகையும் திண்ணையுமே போதும் என்று வாழ்ந்த முன்னோரைச் சுட்டிக்காட்டி, சோபாவை ஆடம்பரம் என்று ஒதுக்கும் பெரியோர் சிலர் நமது சங்கங்களில் உள்ளனர். அவர்களிடம் பணிவுடன் ஒன்று கேட்போம். பகல் முழுதும் குழித்தறியில் காலை இறக்கி, முதுகுக்கு ஒரு பலகைகூட இல்லாமல் குனிந்தே நெய்தவர், மாலையில் சாய்ந்து அமர்வதில் என்ன ஆடம்பரம் இருக்கிறது? முழங்கால் தேய்ந்த மூதாட்டி ஒருவர் தரையிலிருந்து எழுந்திருக்கப் படும் பாட்டைக் கண்டவர் எவரும் உயர்ந்த இருக்கையை வீண் செலவு என்று சொல்லமாட்டார்.

ஆகவே வாங்கலாமா, கூடாதா என்பது இங்கே வினா அன்று. எதனை, எவரிடம், எந்தப் பணத்தைக் கொண்டு வாங்குவது என்பதே வினா. நமது கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம். சட்டம் வெளியே தெரியும்படி நன்கு உலர்ந்த மரத்தால் நம்மூர்த் தச்சரிடம் செய்விக்க வேண்டும். மெத்தைகள் தனித்தனியே கழற்றக்கூடியனவாக இருக்க வேண்டும். அவற்றின் உறை கைத்தறித் துணியாக இருக்க வேண்டும். பணம் சேமிப்பிலிருந்தோ சங்கத்திலிருந்தோ வர வேண்டும். கடைக்காரரின் தவணைச் சீட்டிலிருந்து வரலாகாது.

இன்று பெரும்பாலும் விலைபோகும் சோபா எத்தகையது? அடிமுதல் முடிவரை துணியோ செயற்கைத் தோலோ போர்த்து, ஆணி அடித்து மூடப்பட்டது. உள்ளே இருப்பது தேக்கா, பெட்டி செய்யும் மட்டமரமா, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. இராஜபாளையத்தைச் சுற்றிப் பஞ்சும் நூலும் புழங்காத தெரு அரிது. சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்படுகிறது; ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுந்தரபாண்டியத்திலும் சேலைத் தறிகள் ஓடுகின்றன. தறி உள்ள வீட்டில் பறக்கும் பஞ்சுத் தூசி அனைத்தும் அந்த மூடிய சோபாவின் மடிப்புகளிலும் அடியிலும் தஞ்சம் புகும். அதனைக் கழற்றித் துவைக்க இயலாது. அடியிலே துடைப்பமும் நுழையாது. இருமலும் இளைப்பும் உள்ள வீட்டில் இது சிறு குறை அன்று. கால்கள் உயர்ந்து, அடியில் 6 அங்குலமாவது வெளி விட்டு நிற்கும் மரச்சட்டச் சோபாவை நாம் விரும்புவதற்கு அழகு காரணமன்று, இதுவே காரணம்.

இனி மரத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவோம். பணம் பெரும்பாலும் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

'தேக்கு' என்ற ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மடியை அவிழ்த்து விடுகின்றனர். பர்மாத் தேக்கு என்ற பெயருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. ஆயினும் அந்நாடு வெட்டுமரமாக ஏற்றுமதி செய்வதை 2014-ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. இன்று கிட்டங்கிகளில் அடுக்கியிருப்பதில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த தோட்டத் தேக்கும் நிறைய உண்டு. அதுவும் தேக்குத்தான், ஆனால் இளமரத்தில் வைரம் குறைவு, வெளிறு மிகுதி. கரையானும் உளுப்பும் முதலில் தின்பது வெளிறைத்தான். ஆகையால் எந்த நாட்டுத் தேக்கு என்று கேட்பதைக் காட்டிலும், மெருகு பூசுமுன் சட்டங்களைப் பார்த்து, வெளுத்த பகுதி உள்ளதை ஒதுக்கச் சொல்லுவதே புத்திசாலித்தனம். பழைய செட்டிநாட்டு வீடுகள் இடிக்கப்படும்போது வெளிவரும் உத்தரங்களும் நிலைகளும் காரைக்குடியில் விற்கப்படுகின்றன. ஆணித்துளைகள் இருந்தாலும் அவை பல்லாண்டு உலர்ந்த மரம். அவற்றை அறுத்துச் சட்டமாக்கிக் கொள்வதில் இழிவு ஒன்றுமில்லை.

ஆனால் தேக்குத்தான் வேண்டுமா? நமது விவசாய அங்கத்தினர்களின் வரப்பிலும் கிணற்றடியிலும் வேம்பும் வாகையும் பூவரசும் நிற்கின்றன. இவற்றின் வைரக்கட்டை ஒரு குடும்பத்தின் சோபாவைத் தாங்கத் தாராளமாகப் போதும். வேம்பை உலர்த்தும்போது சற்றே முறுக்கும். பொறுமை வேண்டும், அவ்வளவே. மாமரம் மலிவு, இராஜபாளையத்து மாந்தோப்புகளில் காய்ப்பு ஓய்ந்த மரங்கள் வெட்டப்படும்போது எளிதில் கிடைக்கும். எனினும் அது விரைவில் உளுக்கும். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் பலகைகளை ஊறவைத்தாலன்றி அதனை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். முதிர்ந்த தென்னையின் புறப்பகுதி இரும்பை ஒத்தது. தச்சர்கள் உளி மழுங்குகிறது என்று முணுமுணுப்பர், ஆனால் மெருகேற்றினால் அதன் வரிகள் கண்ணைக் கவரும். பட்டா நிலமேயாயினும் தேக்கு முதலிய மரங்களை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் உள்ள விதிகளை வனத்துறையினரிடம் முன்னதாகவே கேட்டறிந்து கொள்ளுதல் நலம்.

மரம் எதுவாயினும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமரத்தால் செய்த சட்டம் முதற் கோடையிலேயே சுருங்கிப் பொருத்துகளில் இடைவெளி விடும். பிறகு உட்காரும்போதெல்லாம் கிரீச்சிடும். மரம் நீளவாக்கில் அனேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கேதான் சுருங்குகிறது. கழுந்து தளர்வதன் இரகசியம் இதுவே. உலர்ந்ததா என்பதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தச்சர் எடுத்து வைத்த மரத்தில் ஒரு சிறு துண்டை வாங்கி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, எடையை அத்துண்டின்மீதே எழுதி, வீட்டினுள் நிழலில் வைத்திடுக. 15 நாள் கழித்து மீண்டும் நிறுத்துப் பார்க்க. எடை தெளிவாகக் குறைந்திருப்பின் அம்மரம் இன்னும் பச்சை. வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

பொருத்துகளைப் பற்றி ஒரே சொல். கழுந்து செதுக்கித் துளையில் செருகிய பொருத்து நிற்கும். வெறும் திருகாணியும் பசையும் கொண்டு ஒட்டிய மூலை நெடுநாள் நிற்காது. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் அசைந்து வருவதைக் கண்டவர்களுக்கு மரத்தை மரம் எவ்வளவு தாங்கும் என்று நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய கைவழி வந்த தச்சர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். அவர்களுக்கு வேலைதான் குறைந்து வருகிறது.

அளவும் முக்கியம். படங்களில் காணும் தாழ்ந்த, அகன்ற சோபா கண்ணுக்கு இனிது. அதிலிருந்து எழுவது வேறு கதை. நமது வீட்டுப் பெண்டிருக்கும் முதியோருக்கும், அமர்ந்து அழுந்திய பிறகு மெத்தையின் உயரம் தரையிலிருந்து 16 அங்குலம் இருத்தல் தகும். இருக்கையின் ஆழம் 20 அங்குலம் போதும். 24 அங்குலம் வைத்தால் முதுகு சாய்மானத்தைத் தொடாது, அல்லது கால் தரையைத் தொடாது. பாதம் இரண்டும் தரையில் படிந்திருக்க, முழங்காலின் பின்புறத்திற்கும் மெத்தை விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். சாய்மானம் சற்றே பின்னோக்கிச் சரிந்திருக்கட்டும். கைப்பிடி வெறும் அலங்காரமன்று. ஊன்றி எழுவதற்கு உரியது. அது உறுதியாக, உள்ளங்கை பதியும் அகலத்தில் இருக்க வேண்டும். அளவு சொல்லும்போது வீட்டிலேயே குட்டையானவரையும் முழங்கால் வலி உள்ளவரையும் தச்சர் முன்பு ஒரு நாற்காலியில் உட்கார வைத்து அளந்து கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வழக்கத்தில் அளவு கொடுப்பவர் குடும்பத் தலைவராகவே இருக்கிறார். அவரோ சோபாவில் அமரும் நேரம் மிகக் குறைவு!

மெத்தைக்கு இலவம் பஞ்சு நல்லது என்பர். போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம் பஞ்சுத் தலையணையை அறியாதார் இல்லை. அதன் இழை குட்டையாயும் வழவழப்பாயும் இருப்பதால் நூற்க உதவாது, திணிப்பதற்கே பிறந்தது. சாய்மானத்துக்கு அதனையே நாம் விரும்புகிறோம். ஆனால் அமரும் மெத்தைக்கு அது மட்டும் போதாது. நாள்தோறும் அமர்ந்தால் கட்டி தட்டிப் படிந்து விடும். அதற்கு ரப்பர் சேர்த்த தென்னை நார்ப் பலகையோ நல்ல நுரைமெத்தையோ வேண்டும். நுரையில் ஏமாறாதிருக்கவும் தராசே துணை. 22 அங்குலச் சதுரமும் 4 அங்குலக் கனமும் உள்ள மெத்தை ஏறத்தாழ 1 கிலோ எடை இருந்தால், அது கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி உள்ளது. அன்றாட உபயோகத்துக்குத் தாங்கும். முக்கால் கிலோவுக்குக் குறைந்தால் நாளடைவில் பள்ளம் விழும். கடைக்காரர் எத்தனை முறை கையால் அழுத்திக் காட்டினாலும் எடைக்கல் பொய் சொல்லாது.

உறைத் துணிக்கு வருவோம். இங்கேதான் நமது மனம் சற்றுக் கொதிக்கிறது. சரக்குத் தேங்கிவிட்டது, தள்ளுபடி வேண்டும், அரசு கொள்முதல் செய்ய வேண்டும் என்று மகாஜன சபையில் வாதாடும் நெசவாளர், தம் வீட்டுச் சோபாவுக்கு மட்டும் பாலியெஸ்டர் வெல்வெட்டைத் தேர்ந்தெடுக்கலாமா? நம் கோடையில் அது வியர்வையை உறிஞ்சாது, முதுகில் ஒட்டிக்கொள்ளும். மாறாக, இரட்டை முறுக்குத் தடித்த நூலில் பாவும் ஊடையும் இட்டு, வெயிலுக்கும் வெளுப்புக்கும் மங்காத வாட் சாயத்தில் நெய்த பருத்தித் துணி எக்காலத்துக்கும் உகந்தது. தைக்குமுன் ஒரு முறை நனைத்து உலர்த்திச் சுருக்கிவிட வேண்டும். இன்றேல் முதற் சலவைக்குப் பின் உறை மெத்தையில் ஏறாது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் இத்தகைய வீட்டு உபயோகத் துணிகளை விற்று வருகிறது. சென்னிமலையும் கரூரும் இதில் பெயர் பெற்றுள்ளன. நமது சேலைத் தறிகளில் இதனை நெய்ய அச்சும் விழுதும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். மூவர் அமரும் சோபாவுக்கு 48 அங்குல அகலத் துணி ஒரு மாற்றுக்கு ஏறத்தாழ 6 மீட்டர். இரண்டு மாற்றுக்கு 12 மீட்டர். நூறு அங்கத்தினர் வீட்டுக்கு 1,200 மீட்டர். வெளியூர் வியாபாரியை எதிர்பாராமல் நம் வாசலிலேயே இருக்கும் தேவை இது.

பணத்தைப் பற்றியும் கூறாமல் இருக்க முடியாது. 'வட்டி 15 விழுக்காடுதான்' என்று கடையில் சொல்வதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 30,000 ரூபாய்ச் சோபாவுக்கு மாதம் 2,875 ரூபாய் வீதம் 12 தவணை; மொத்தம் 34,500. பார்த்தால் 15 விழுக்காடுதான். ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்து வருகையில், வட்டி மட்டும் ஆண்டு முழுதும் முப்பதினாயிரத்துக்கே கணக்கிடப்பட்டிருக்கிறது. உண்மை வட்டி 26 விழுக்காட்டுக்கு மேல். நமது சிக்கன நாணயச் சங்கத்தில் நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையும். தீபாவளிப் போனஸ் கையில் வரும் வாரத்தில் கடை விளம்பரங்கள் பெருகுவது தற்செயல் அன்று.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில் உள்ள தே. கல்லுப்பட்டியில், காந்திநிகேதன் ஆசிரமத்தில், பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார், 1960-இல் மறைந்தார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று 1945-லேயே ஒரு நூல் எழுதியவர் அவர். நாம் செலவிடும் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதை அவர் ஓயாமல் வினவியவர். மேலே கூறியபடி செய்விக்கும் சோபாவின் பணம் வரப்பில் மரம் வைத்திருப்பவருக்கும் தச்சருக்கும் தென்னந்தோப்புக்காரருக்கும் நெசவாளருக்கும் தையற்காரருக்கும் பிரிந்து போகிறது. பெரும்பாலும் அவர்களும் நமது சங்கப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்களே. மெத்தை நைந்தால் மெத்தையை மட்டும் மாற்றலாம், உறை கிழிந்தால் உறையை மட்டும் மாற்றலாம். சட்டம் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.

செய்விப்பது தாமதமாகும், கடையில் உடனே கிடைக்கும் என்பர் சிலர். உண்மையே. திருமணச் சீருக்கு மூன்று நாள் இருக்கையில் தச்சரிடம் ஓடுபவருக்கு நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் முன்யோசனை உள்ளவர்க்கு ஒரு வழி உண்டு. ஒரு சோபாச் சட்டத்துக்குச் சேதாரம் உட்பட ஏறத்தாழ 3 கன அடி மரம் தேவை. பத்து அங்கத்தினர் சேர்ந்தால் 30 கன அடி. தனித்தனியே பேரம் பேசுவதைவிட, செங்கோட்டை மரவாடிகளிலோ உள்ளூர் அறுவை மில்லிலோ ஒருமித்துப் பேசினால் விலையும் இறங்கும், பொறுக்கியெடுக்கும் உரிமையும் கிட்டும். ஒரே அளவில் பத்துச் சட்டம் செய்வது தச்சருக்கும் இலாபம். சங்கச் செயலாளர்கள் இதற்கென ஒரு பதிவேடு திறந்து, விரும்புவோர் பெயரையும் முன்பணத்தையும் பெற்றுக்கொள்ளலாம். உறைத் துணியின் தேவையையும் அதே பதிவேட்டில் குறித்துத் தறிக்கு வேலையாகக் கொடுக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் மரத்தை அறுத்து, பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து, காற்றோடும் நிழலில் அடுக்கிவிட வேண்டும். 1 அங்குலப் பலகை நமது கோடையில் ஆடிக்குள் உலர்ந்துவிடும். ஆவணியில் தச்சுவேலை தொடங்கினால் தீபாவளிக்கு முன்னரே கூடத்தில் சோபா வந்து அமரும். பெயர் கொடுக்க விரும்புவோர் மார்கழி முடிவுக்குள் தத்தம் சங்கத்தில் தெரிவித்துவிட வேண்டும்.