'அவரைப் போல வேறு யார்?'

ஜப்பானியப் பாப் இசையில் அண்மையில் ஈடுபாடு கொண்ட ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "எனக்கு மரியா தகேயுச்சியைப் பிடிக்கும், ஐயா. அவரைப் போலப் பாடுகிறவர்கள் வேறு யார்?" கேள்வியில் ஆர்வம் இருந்தது, ஆய்வாளருக்குரிய ஐயம் இல்லை. உண்மையில் அது அவருடைய கேள்வியே அன்று. கைப்பேசிச் செயலி அவருக்குப் பழக்கிவிட்ட கேள்வி.

'போல' என்பதைச் செயலி எவ்வாறு பொருள்கொள்கிறது? இப்பாடலைக் கேட்டவர்கள் வேறு எவற்றைக் கேட்டார்கள் என்னும் கணக்கே அதற்குப் பெரிதும் அடிப்படை. அது இசையின் ஒப்புமை அன்று, நுகர்வோரின் ஒப்புமை.

தகேயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்' 1984இல் 'வெரைட்டி' தொகுப்பில் வெளிவந்தது. எழுதி, மெட்டமைத்துப் பாடியவர் அவரே; இசைக்கோப்பு அவருடைய கணவர் தத்சுரோ யமாஷிதாவினுடையது. யமாஷிதாவோ தம் தொகுப்புகளை இணைய இசைத் தளங்களுக்கு நெடுங்காலம் வழங்கவில்லை. ஆகவே அப்பாடலின் மிக நெருங்கிய உறவையே அத்தளங்களின் பரிந்துரைப் பட்டியல் காட்ட இயலவில்லை. தம் அலமாரியில் இல்லாத நூல் உலகிலேயே இல்லை என நடந்துகொள்ளும் நூலகரை நாம் பொறுத்துக்கொள்வோமா? யமாஷிதாவைத் தொடர்ந்து பின்னோக்கிச் சென்றிருந்தால், ஷுகர் பேப் குழு 1975இல் வெளியிட்ட ஒரே தொகுப்பான 'சாங்ஸ்' கிடைத்திருக்கும்; அக்குழுவில் அவருடன் இருந்த தாயேகோ ஓநுகியும் கிடைத்திருப்பார்.

இன்னும் இரு சான்றுகள். மிகி மத்சுபாராவின் 'மயோனகா நோ டோர்' (1979), அன்ரியின் 'கனாஷிமி கா தோமரனாய்' (1983) ஆகிய இரண்டுக்கும் மெட்டமைத்தவர் தெத்சுஜி ஹயாஷி. குரல்கள் வேறு, கை ஒன்று. செய்கோ மத்சுதாவின் 'அகாய் ஸ்வீட் பீ' (1982) பாடலுக்கு இசையமைத்தவராகக் 'குரேதா கருஹோ' என்னும் பெயர் காணப்படும். அது யூமி மத்சுதோயாவின் புனைபெயர். முன்னவர் இளையோர் கொண்டாடிய 'ஐடல்'. பின்னவர் தாமே எழுதிப் பாடும் கலைஞர். வகைப்பாடு பிரித்துவைத்த இவ்விருவரையும் ஒரு புனைபெயர் இணைக்கிறது. திரைப்பாடலைக் கேட்டவுடன் 'இசை யார்?' என வினவிப் பழகிய நாம், ஜப்பானியப் பாடலுக்கு மட்டும் அவ்வினாவை ஏன் கைவிட்டோம்?

'பிளாஸ்டிக் லவ்' உலகெங்கும் பரவியதே யூடியூப் பரிந்துரையால்தானே என்பர். உண்மை. நானும் அவ்வழியே வந்தவன்தான். வாசலைத் திறந்துவிட்டதற்கு நன்றி சொல்வேன்; வீடு முழுவதையும் அதுவே சுற்றிக்காட்டட்டும் என்று கைகட்டி நிற்கமாட்டேன்.

இது இசை ரசனையோடு முடியும் சிக்கலாயின் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். 'தொடர்புடைய கட்டுரைகள்' என்று திரை நீட்டுவதைக் கொண்டே முன்னாய்வு மதிப்பீட்டை நிரப்பும் ஆய்வேடுகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். மின்னாக்கம் பெறாத நூல் அங்கே பிறக்கவே இல்லை. அடிக்குறிப்பைப் பின்தொடர எவருக்கும் பொறுமையில்லை. இரண்டும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

அம்மாணவருக்கு நான் பெயர்ப் பட்டியல் எதையும் தரவில்லை. "பாடகியின் பெயரைச் சற்று ஒதுக்கிவையுங்கள். மெட்டு, வரிகள், இசைக்கோப்பு என்று பாடலின்கீழ் வரும் பெயர்களைப் படியுங்கள். அவற்றுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாடலுக்குச் செல்லுங்கள்" என்றேன். ஆய்வு என்பதும் அதுதான்.