ஜாக்கெட் பிட்டோடு நின்றுவிடலாமா?

நம் ஊரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கை. குளிருக்கும் வெயிலுக்கும் சட்டை மேல் போட்டுக்கொள்வதை ஜெர்கின் என்றோ கோட் என்றோ சொல்லித்தான் கேட்கிறார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் உள்ள மேட்சிங் சென்டர்களும் சிறிய ஜவுளிக் கடைகளும் இதுநாள்வரை முதல் வகை ஜாக்கெட்டை நம்பியே பிழைத்து வந்திருக்கின்றன. இரண்டாவதை நாம் திரும்பிப் பார்த்ததே இல்லை. இனிமேல் பார்த்தாக வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். புடவை இன்று கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் என்று ஆகிக்கொண்டு வருகிறது. அதற்கும் தைத்த ரவிக்கையே கடையில் தொங்குகிறது. ஜாக்கெட் பிட், லைனிங், ஃபால்ஸ் என்று மூன்றை வைத்துக்கொண்டு வாடகை கட்டுவது வரவர கடினமாகிறது. அதே நேரத்தில் காலை ஏழு மணிக்கு சி.டி.எச். சாலையில் நின்று பாருங்கள். எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டரில் கை மூடிய பருத்திக் கோட் போட்டுப் போகிறார்கள். மார்கழிப் பனியில் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் ஜெர்கின் இல்லாமல் வருவதில்லை. ஊட்டி, கொடைக்கானல் சுற்றுலா, வடக்கே படிக்கப் போகும் பிள்ளை என்று தேவை வேறு இருக்கிறது. இந்தப் பணமெல்லாம் நடைபாதைக் கடைக்கும் ஆன்லைனுக்கும் போகிறது. துணி, லைனிங், நூல், பட்டன் எல்லாம் வைத்திருக்கிற நமக்கு அதில் ஒரு பைசா இல்லை.

வீட்டில் மிஷின் இல்லையா என்றால், இருக்கிறது. ஊருக்கு ஊர் தையல் வகுப்புகள் நடக்கின்றன. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசே இலவசமாகத் தையல் இயந்திரம் கொடுத்து வருகிறது. லைனிங் வைத்து பிரின்சஸ் கட் ரவிக்கை தைக்கிற பெண்ணுக்கு ஜெர்கின் தைக்கக் கை வராதா? ரவிக்கையை விடவா அது நுணுக்கம்? தையல் அல்ல, வெட்டுதான் தடை. ரவிக்கை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டியது. ஜெர்கின் சட்டைக்கு மேல் போடுவது. மார்புச் சுற்றில் நான்கு முதல் ஆறு அங்குலமாவது கூடுதலாக விட வேண்டும், கைக்குழி இறங்க வேண்டும், தோள் அதற்கேற்ப நகர வேண்டும். ரவிக்கைக் கணக்கை அப்படியே பெரிதாக்கினால் கை தூக்க முடியாது. இரண்டேகால் மீட்டர் துணியைக் கத்தரிக்குக் கொடுத்துவிட்டு அது வீணானால் யார் பொறுப்பு என்ற பயத்தில்தான் அந்த அம்மாள் தைக்காமல் விடுகிறார்.

இந்தப் பயத்துக்கு மருந்து காகித வெட்டு. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863ஆம் ஆண்டு, உடைகளின் துண்டுகளை அளவு வாரியாகக் காகிதத்தில் வெட்டி விற்க ஆரம்பித்தார். காகிதத்தைத் துணி மேல் வைத்து அதன்படி வெட்டினால் போதும், கணக்குப் போட வேண்டியதில்லை. அது அங்கே பெரிய வணிகமாகி, காகிதம் வாங்க வந்தவர்கள் துணியும் நூலும் பட்டனும் வாங்கிப் போனார்கள். நம் பக்கத்தில் தையல் வகுப்பில் "பேப்பர் கட்டிங்" என்று சொல்லிக்கொடுப்பதோடு அது முடிந்துவிடுகிறது. கடையில் விற்கும் பொருளாக அது ஆகவில்லை.

இதற்கு ஆள் தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. ஆவடியில் 1961 முதல் படை வீரர்களுக்கு உடை தைத்து வருகிறது ஓ.சி.எப். 2021 அக்டோபர் முதல் தேதியிலிருந்து அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டு வந்தது. அங்கே ஏற்றுமதி ஆடை நிறுவனங்களும் வளர்ந்தன. இப்படிப்பட்ட இடங்களில் துணியை அடுக்கடுக்காக விரித்து, பேட்டர்ன் வைத்து வெட்டுவதுதான் அன்றாட வேலை. அந்த வேலையில் கை தேர்ந்து ஓய்வு பெற்றவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள், நம் கடைக்கு வருகிறார்கள். சங்கம் அவர்களில் இரண்டு மூன்று பேரை அழைத்து, சம்பளம் கொடுத்து, ஆண்களுக்கு ஒரு ஜெர்கின், பெண்களுக்கு ஒரு வெயில் கோட், இரண்டும் ஐந்தைந்து அளவில் வரைந்து தரச் சொல்ல வேண்டும். நூல் ஓட்டம் எந்தப் பக்கம், தையலுக்கு எவ்வளவு விட வேண்டும், எத்தனை மீட்டர், எந்தப் பன்னா என்பதெல்லாம் தமிழில் தெளிவாக அச்சடிக்க வேண்டும். பெரிய கம்பெனி உடுப்பைப் பிரித்துப் போட்டு நகல் எடுப்பது வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரியில் அறிமுகமான ராணுவத்தின் புதிய களச்சீருடை வெளிச்சந்தையில் விற்பனைக்கு அல்ல என்று ராணுவமே அறிவித்து, அந்த வடிவத்தைப் பதிவும் செய்திருக்கிறது. இளைஞர்கள் கேட்கிறார்கள் என்று அந்தத் துணியை யாரும் வாங்கி வைக்காதீர்கள்.

கணக்குக்கு வருவோம். ஒரு ஜாக்கெட் பிட் வாங்க வருகிறவர் ஒரு மீட்டரோடு போய்விடுகிறார். ஒரு ஜெர்கினுக்கு 58 அங்குலப் பன்னாவில் சுமார் இரண்டேகால் மீட்டர் ட்வில் அல்லது டெனிம் வேண்டும். மீட்டர் 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் துணி மட்டும் 560 ரூபாயைத் தாண்டுகிறது. அதற்கு மேல் லைனிங், காலருக்குக் கேன்வாஸ், கீழே முழுதாகப் பிரிகிற ஓப்பன் ஜிப், தடித்த நூல், 16 அல்லது 18 நம்பர் ஊசி. சரி பார்க்க முதலில் காடாத் துணியில் ஒன்று தைக்கச் சொன்னால் அதற்கும் இரண்டு மீட்டர். ஒரே வாடிக்கையாளர், ஒரே பில்.

ஆனால் இன்று ஓப்பன் ஜிப் கேட்டு வருகிறவருக்குப் பாவாடைக்குப் போடும் எட்டு அங்குல ஜிப்பை எடுத்துப் போடுகிறோம். "அதெல்லாம் சவுகார்பேட்டையில் கிடைக்கும்" என்று கையும் காட்டுகிறோம். பூந்தமல்லியிலிருந்து ஒரு ஜிப்புக்காக ஒருவர் குடோன் தெருப் பக்கம் போனால் துணியையும் அங்கேயேதான் வாங்கி வருவார்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய்க்கு மேல் விற்கிற ஆயத்த உடைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நாம் வெட்டிக் கொடுக்கிற துணிக்கு 5 சதவீதம்தான். விலை கூடிய ஜெர்கின் பக்கம் போகிறவரிடம் சொல்வதற்கு நமக்கு இது ஒரு நல்ல வார்த்தை. 2500க்குக் கீழே உள்ள உடைக்கும் 5 சதவீதமே என்பதால் மலிவு ரகத்தோடு வரியை வைத்துப் போட்டியிட முடியாது. அங்கே அளவும் துணியின் தரமும்தான் பேச வேண்டும்.

தையல்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். தீபாவளி நெருக்கத்தில் கோட் வேலை என்றாலே "பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம்" என்கிறவர்கள் அவர்கள்தான். வீட்டில் தைக்கத் தொடங்குகிறவர் பாதியில் ஓவர்லாக்குக்கும் காஜாவுக்கும் அவர்களிடமே போவார். அவர்களுக்கும் காகிதத்தைக் குறைந்த விலையில் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

மழைக் கோட்டை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம் என்பேன். ஊசி போன ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் இறங்கும். தையல் மேல் சூட்டில் ஒட்டும் நாடா வைத்து அடைக்கிற வசதி வீட்டு மிஷினில் கிடையாது. ஐப்பசி மழையில் நனைந்த வாடிக்கையாளர் நேராக நம் கல்லாவுக்குத்தான் வருவார். அதேபோல் பருத்தித் துணி கொடுக்கும்போது நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லி அனுப்புங்கள். முதல் துவையலில் கை ஒரு அங்குலம் சுருங்கினால் பழி காகிதத்தின் மேல் விழும்.

சரக்கு முடங்கும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் ஆரம்பத்தில் ட்வில்லில் நான்கு நிறம், டெனிமில் ஒன்று, 24, 26 அங்குலத்தில் ஓப்பன் ஜிப் போதும். மொத்த வியாபாரிகள் விற்காத ஜிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால் சிறு கடைக்காரருக்குத் துணிவு வரும். இதை அவர்களிடம் தனி ஆளாகக் கேட்டால் நடக்காது, சங்கம்தான் கேட்க வேண்டும். ஆடித் தள்ளுபடி முடிந்து புதுச் சரக்கு எடுக்கும் நேரத்தில் காகிதம் அச்சாகி வந்தால் மார்கழிக்குச் சரியாக இருக்கும். வரைபவருக்குச் சம்பளம், அச்சுக் கூலி ஆகியவற்றுக்கு எத்தனை கடைகள் பங்கு போடத் தயார் என்று அடுத்த பொதுக்குழுவில் கை தூக்கச் சொல்லிக் கேட்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.