பட்டியலில் பெயர் வேண்டும்



பால்புதுமையருக்குப் பாதுகாப்புத் தரும் ஊர்ச் சட்டங்களுக்கும் மாநிலச் சட்டங்களுக்கும் நாம் வெளிப்படையாக ஆதரவு தர வேண்டும் என்று போன மடலில் எழுதியிருந்தேன். வந்த பதில்களில் ஒன்று: "அதான் 2020-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சே, இன்னும் ஒவ்வொரு ஊரா போய் எதுக்குத் தொண்டை கிழியக் கத்தணும்?" கேட்டவர் எதிரி இல்லை, நம்ம ஆள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

தீர்ப்பு வந்தது உண்மை. ஏமி ஸ்டீஃபன்ஸ் என்ற திருநங்கை மிச்சிகனில் இறுதிச்சடங்கு நடத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். இனிமேல் பெண்ணாகவே வேலைக்கு வருவேன் என்று 2013-இல் முதலாளிக்குக் கடிதம் கொடுத்தார். இரண்டு வாரத்தில் வேலை போயிற்று. அவருடைய வழக்கையும், தன்பால் ஈர்ப்பு கொண்ட இரண்டு ஆண்களின் வழக்குகளையும் சேர்த்து 2020 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது: இப்படி வேலையை விட்டு நீக்குவது 1964-ஆம் ஆண்டு குடிசார் உரிமைகள் சட்டம் தடுக்கும் பால் பாகுபாடுதான் என்று. அதைக் கேட்க ஏமி உயிரோடு இல்லை. அதற்கு முந்தைய மாதமே இறந்துபோனார்.

ஆனால் அந்தத் தீர்ப்பு வேலை பற்றியது. அதுவும் 15 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களுக்கு மட்டும். இப்போது நம்ம ஆட்கள் நடத்தும் இடங்களை நினைத்துப் பாருங்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் மளிகைக் கடை, சமையலறையில் நாலு பேரும் வெளியே மூணு பேரும் நிற்கும் தோசைக் கடை, டே-கேர், நடனப் பள்ளி, ஆறு பேர் வைத்து ஓட்டும் கன்சல்டன்சி. அங்கே வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பையன் "கே" என்று தெரிந்து நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னால் அந்த ஃபெடரல் சட்டம் எட்டிப் பார்க்காது. "வெள்ளைக்காரன் பாகுபாடு காட்டுவான், நமக்குச் சட்டம் வேணும்" என்றே பேசிப் பழகிவிட்டோம். நம்மிடமிருந்து நம் பிள்ளைகளைக் காக்கவும் சட்டம் வேண்டும். அதைச் சொல்லத்தான் நமக்கு நாக்கு வருவதில்லை.

கடை, ஹோட்டல் விஷயம் இன்னும் மோசம். பொது இடங்கள் பற்றிய 1964 சட்டப் பகுதியில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவை உண்டு. "பால்" என்ற சொல்லே கிடையாது. 2020 தீர்ப்பு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. சொல்லே இல்லாத இடத்தில் எதைப் பிடிப்பது?

வீட்டு வாடகைச் சட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் புகாரை எடுத்துக்கொள்வார்களா என்பது வாஷிங்டனில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஆணைக்குப் பிறகு, திருநர் தொழிலாளர்களுக்காகத் தானே தொடுத்த வழக்குகளைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையமே நீதிமன்றங்களைக் கேட்டது. தீர்ப்பு அப்படியே இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அலுவலகம்தான் உட்கார்ந்துவிட்டது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருந்தால் நீங்களே வழக்காடலாம். மாநிலச் சட்டம் இருந்தால், காசில்லாமல் புகார் கொடுக்க ஓர் அலுவலகமாவது பக்கத்தில் இருக்கும்.

மிச்சிகனையே எடுத்துக்கொள்வோம். வேலையில் தன்பால் ஈர்ப்பினரைப் பாகுபடுத்தக் கூடாது என்று ஈஸ்ட் லான்சிங் நகரம் 1972-இல் விதி செய்தது. 1976-இல் வந்த எலியட்-லார்சன் மாநிலச் சட்டத்தில் பாலீர்ப்பு இல்லை. அதன்பின் ஒவ்வொரு ஊராகச் சட்டம் போட்டுக்கொண்டே போனார்கள். 2022-இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் "பால்" என்பதில் பாலீர்ப்பும் அடங்கும் என்றது. 2023 மார்ச்சில் பாலீர்ப்பு, பாலின அடையாளம் இரண்டையும் சட்டத்திலேயே எழுதினார்கள். 51 வருஷம்! ஆனால் அந்தச் சட்டத்தில் 15 பேர் கணக்கெல்லாம் இல்லை. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் பொருந்தும். தோசைக் கடையும் வந்துவிட்டது.

நம்ம ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருக்கும் டெக்சஸிலும் ஜார்ஜியாவிலும் வட கரோலினாவிலும் அப்படி ஒரு மாநிலச் சட்டம் இல்லை. அங்கே ஊர்ச் சட்டம்தான் கதி. அதையும் பிடுங்குவார்கள். ஹியூஸ்டன் நகர மன்றம் 2014-இல் நிறைவேற்றிய சமத்துவச் சட்டத்தில் 15 அடையாளங்கள் இருந்தன: இனம், மதம், பிறந்த நாடு, மாற்றுத்திறன், கர்ப்பம் எல்லாம் உண்டு. எதிர்த்தவர்கள் கழிப்பறை ஒன்றை மட்டுமே பேசினார்கள். 2015 நவம்பர் வாக்கெடுப்பில் சுமார் 61 சதவீதம் எதிராக விழுந்தது. திருநர் மேலிருந்த பயத்தில், நிறத்தையும் மதத்தையும் காக்கும் நகரச் சட்டமும் சேர்ந்தே போனது. ஹியூஸ்டன் தமிழர்களுக்கு இது அடுத்த வீட்டுச் சண்டையாகத் தெரிந்திருந்தால், தப்புக் கணக்கு.

ஒருமுறை கிடைத்தால் நிலைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அயோவா 2007-இல் பாலின அடையாளத்தைத் தன் சட்டத்தில் சேர்த்தது, 2025-இல் நீக்கியது. இருந்த பாதுகாப்பை இப்படி எடுத்த முதல் மாநிலம் அதுதான்.

"ஏற்கெனவே சட்டம் இருக்கே" என்ற வாதத்துக்கு வருகிறேன். இதை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 2023 பிப்ரவரியில் சியாட்டில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாதி மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். காரணம்? இருக்கிற சட்டங்களே சாதிப் பாகுபாட்டையும் தடுக்கின்றன, தனியாக எழுதத் தேவையில்லை என்று. நமக்கு எப்படி எரிந்தது! பட்டியலில் பெயர் இல்லாதவன் முதலில் தன் வலி அந்தப் பட்டியலில் எங்கே அடங்கும் என்று நிரூபிக்க வேண்டும், அப்புறம்தான் நடந்ததைச் சொல்ல முடியும் என்று அன்று நாம்தான் வாதாடினோம். அதே வாதத்தைப் பால்புதுமையர் பேசும்போது நாம் நியூசம் ஆகிவிடக் கூடாது.

"நம்ம கலாச்சாரம்" என்று தொடங்குகிறவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்ல விருப்பமில்லை. திருநருக்கு நலவாரியம் அமைத்த முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு, 2008-இல். சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தி, 2022-இல் பால்புதுமையரைக் குறிக்கும் கண்ணியமான சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டார்கள். (சொல் கொடுத்தவர்கள் வாடகைக்கு வீடு கொடுப்பார்களா என்பது வேறு கதை.)

இன்னொன்றில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பேரம் பேசும்போது "இப்போதைக்குப் பாலீர்ப்பு மட்டும், திருநரை அப்புறம் சேர்த்துக்கலாம்" என்பார்கள். நியூயார்க் 2002-இல் அப்படித்தான் செய்தது; அந்த "அப்புறம்" 2019-இல் வந்தது. விஸ்கான்சின் 1982-இலேயே முதல் மாநிலமாகப் பாலீர்ப்பை எழுதியது. பாலின அடையாளம் இன்னும் அந்தச் சட்டத்தில் ஏறவில்லை. அப்படி வரும் வரைவை நாம் ஆதரிக்கக் கூடாது என்பது என் கருத்து. குழுவில் இதற்கு மாற்றுக் கருத்து உண்டு, அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

நகர மன்றத்தில் பொதுமக்கள் பேச இரண்டு, மூன்று நிமிஷம் தருவார்கள். விசாவில் இருப்பவர்களை முன்னே தள்ள நான் தயாரில்லை. ஹெச்-1பி-யில் வேலை போனால் அடுத்ததைத் தேட 60 நாள்தான். குடியுரிமை வாங்கியவர்கள், முக்கியமாகக் கடையும் கம்பெனியும் நடத்துகிறவர்கள் எழுந்து பேச வேண்டும். "என் கடையில எட்டுப் பேர். இந்தச் சட்டம் எனக்கும் பொருந்தணும்" என்று ஒரு முதலாளி சொன்னால் மன்றம் காது கொடுக்கும்.

உங்கள் ஊர் மன்றம் எந்தக் கிழமை கூடுகிறது என்று பார்த்து இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். பேச எழுதித் தருகிறோம், கூட வந்து உட்காரவும் ஆள் இருக்கிறோம்.